புக்லெட்டின் 63ஆம் பக்கம்: வடசென்னையில் ஆறு நாள்

முதல் நாள், ஞாயிறு: ராயபுரம்

முத்துநகர் எக்ஸ்பிரஸை விட்டு எழும்பூரில் இறங்கும்போது தூறிக்கொண்டிருந்தது. கோவில்பட்டியில் வக்கீல் தொழில் செய்யும் எனக்கு இப்போதெல்லாம் சென்னைக்கு வரவேண்டிய வேலை இருப்பதில்லை. 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்த பிறகு, தென்மாவட்டத்துக்காரர்களுக்கு ஐகோர்ட் என்றால் ஒத்தக்கடைப் பக்கம்தான். சென்னை சட்டக் கல்லூரியில் என்னோடு படித்த தோழி பல வருடமாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு வாரம் வந்து என்கூட இரு. குண்டாஸ் கேஸ் எப்படி நடக்குதுன்னு பாரு. என் ஜூனியர் பிள்ளைங்களுக்கு நீயும் நாலு வார்த்தை சொல்லு" என்றாள். இந்த முறை மறுக்கவில்லை.

தங்கல் ராயபுரத்தில், சித்தப்பா மகன் வீட்டில். தம்பி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்கிறான். மதியம் சங்கரா மீன் குழம்பு. சாயங்காலம் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தோம். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம். தூண்கள் இன்னும் கம்பீரமாக நிற்கின்றன. அங்கிருந்து காசிமேடு போகும் வழியில் தம்பி ஒரு கேள்வி கேட்டான்: "ஏன்க்கா, எங்க ஆளுங்கள்ல ஒரு வக்கீல் இருந்தாரே, கவுனைக் கொளுத்தினாரே, அவர் பேரு?"

சிங்காரவேலர். மீனவக் குடும்பத்தில் பிறந்து, ஐகோர்ட்டில் வக்கீலாக இருந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தின்போது 1921இல் வக்கீல் தொழிலை உதறினார். 1923 மே 1 அன்று இந்தியாவிலேயே முதல் முறையாக மே தினம் கொண்டாடியவரும் அவர்தான். ஒரு கூட்டம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நடந்தது, இன்னொன்று ஐகோர்ட்டுக்கு எதிரே இருந்த கடற்கரையில். தான் வாதாடிய கோர்ட்டைப் பார்த்தபடி தொழிலாளியின் எட்டு மணி நேர வேலையைப் பற்றிப் பேசிய மனிதர். இன்றைக்கு ராஜாஜி சாலையில் சென்னைக் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கட்டடத்துக்கு அவர் பெயர்தான். தம்பிக்கு அது தெரியும். அந்த சிங்காரவேலர்தான் இந்த சிங்காரவேலர் என்பது மட்டும் தெரியவில்லை.

இரண்டாம் நாள், திங்கள்: தம்பு செட்டித் தெரு

காலை எட்டரைக்கு ராயபுரத்தில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் கடற்கரை. இந்தக் கடற்கரை ஸ்டேஷனுக்கு வந்தாலே எனக்கு நீதிபதி சந்துரு நினைவுதான். 2013 மார்ச்சில் ஓய்வு பெற்ற அன்று, வழக்கமான வழியனுப்பு விழாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அரசுக் காரையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனவர். ஆறேழு வருடத்தில் 96,000 வழக்குகளை முடித்தவர். 'மை லார்ட்' வேண்டாம், டவாலி முன்னால் போகவேண்டாம், துப்பாக்கிக் காவலர் வேண்டாம் என்றார். நீதிபதியாகும் முன் வக்கீலாக அவர் நடத்திய ராஜாக்கண்ணு வழக்கு, 1993இல் போலீஸ் காவலில் செத்த குறவர் சமூகத்து மனிதர் ஒருவரின் மனைவிக்காக ஆட்கொணர்வு மனுவாகத் தொடங்கியது, அதாவது பிடித்து வைத்த ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனுவாக. குண்டாஸ் உத்தரவை எதிர்ப்பதும் இதே மனுவில்தான். இந்தப் பயணத்தில் நான் பார்க்க வந்ததும் ஆட்கொணர்வு மனுக்களைத்தான்.

தோழியின் சேம்பர் தம்பு செட்டித் தெருவில், காளிகாம்பாள் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி. ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் ஒதுங்க வேண்டிய மாடிப்படி. சுவர் முழுக்க வக்கீல்களின் பெயர்ப்பலகைகள். சிலர் இறந்துபோய்ப் பல வருடம் ஆகியும் பலகையை யாரும் கழற்றவில்லை. கீழே ஜெராக்ஸ் கடை, எதிரே கவுனும் பேண்டும் தைக்கும் கடை, பக்கத்தில் டீக்கடை. டீக்கடைப் பெஞ்சில் காதில் விழுந்த பேச்சு: "நம்பர் ஆயிடுச்சா?", "ரிட்டர்ன் பண்ணிட்டாங்க சார்", "வாய்தா வாங்கிட்டேன்." இருபது வருடத்துக்கு முன்பும் இதே பேச்சுதான்.

பத்து மணிக்கு ஆவின் கேட் வழியாக உள்ளே போனோம். 2015இல் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை காவலுக்கு வந்ததிலிருந்து சோதனை அதிகம். நாங்கள் படிக்கும்போது யாரும் நுழைந்து யாரும் வெளியேறிய வளாகம் இது. வருடத்தில் ஒரு நாள் மட்டும் எல்லாக் கேட்டையும் பூட்டுவார்கள், பொதுவழி என்று யாரும் உரிமை கொண்டாடக் கூடாது என்பதற்காக.

1892இல் கட்டி முடித்த செங்கல் கட்டடம். உச்சியில் இருக்கும் கோபுரம் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாகவே எரிந்தது. 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் குண்டு போட்டதைச் சொல்லும் கல் மதிலில் இருக்கிறது. வருகிறவர்களெல்லாம் அதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது உள்ளே இருக்கும் முத்துசாமி அய்யர் சிலை. இந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி, செருப்பில்லாத காலோடு உட்கார்ந்திருக்கிறார்.

பெஞ்ச் உட்காரும் முன் நடைக்கூடத்தில் தோழி சொன்னாள்: "நம்ம அரசமைப்புச் சட்டம் வந்த முதல் ரெண்டு வருஷத்துல வந்த பெரிய வழக்குங்களை எடுத்துப் பாரு. பலதுல ஒரு பக்கம் 'மெட்ராஸ் மாகாணம்'னு இருக்கும்." உண்மைதான். 1950இல் ஏ.கே. கோபாலன், தடுப்புக் காவலை எதிர்த்து. அதே வருடம் ரொமேஷ் தாப்பர், மெட்ராஸில் தடை செய்யப்பட்ட 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகைக்காக. 1951இல் செண்பகம் துரைராஜன், கல்லூரி இடங்களைச் சாதிவாரியாகப் பிரித்த வகுப்புவாரி ஆணை குறித்து. 1952இல் வி.ஜி. ராவ்.

இதில் ராவ் வழக்கை நான் எந்த ஜூனியருக்கும் முதலில் சொல்லுவேன். வி.ஜி. ராவ் மெட்ராஸில் பாரிஸ்டர், மக்கள் கல்விக் கழகம் என்ற அமைப்பின் செயலாளர். அந்த அமைப்பு சட்டவிரோதமானது என்று 1950 மார்ச்சில் அரசு ஓர் உத்தரவு போட்டது. காரணத்தைச் சோதித்துப் பார்க்க நீதிமன்றத்துக்கு வழி இல்லாதபடி சட்டம் இருந்தது. ராவ் இங்கே ரிட் போட்டார். தலைமை நீதிபதி ராஜமன்னார் தலைமையிலான முழு அமர்வு, செப்டம்பரிலேயே அந்தச் சட்டப்பிரிவு செல்லாது என்றது. அரசு டெல்லிக்குப் போனது. 1952 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் ராவுக்குத்தான் தீர்ப்பளித்தது. அடிப்படை உரிமைகளைப் பொறுத்தவரை நீதிமன்றம் விழித்தபடி நிற்கும் காவலாள் என்று நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதியது அந்தத் தீர்ப்பில்தான். எழுபது வருடமாக இந்த நாட்டின் கோர்ட்டுகளில் எல்லாரும் மேற்கோள் காட்டும் அந்த வாக்கியம் தொடங்கிய இடம், இந்த வராந்தாவில் யாரோ ஒரு குமாஸ்தா கொண்டுபோய்க் கொடுத்த மனு.

மதியம் கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரே செகண்ட் லைன் பீச்சில் அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து வந்தவர்களின் சாப்பாடு. வெங்காயமும் எலுமிச்சையும் தூக்கலாக. ஊருக்குப் போனால் இது கிடைக்காது.

மூன்றாம் நாள், செவ்வாய்: வியாசர்பாடி, புழல்

இன்றைக்குப் பார்த்ததை எப்படி எழுதுவது என்று இரவு வெகுநேரம் யோசித்தேன். நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் இறங்கி, எம்.கே.பி. நகரைத் தாண்டி ஒரு குடியிருப்பு. மூன்றாம் மாடி வீடு. தோழியின் கட்சிக்காரர் ஒரு அக்கா, காலையில் இட்லிக் கடை, மத்தியானம் இரண்டு வீட்டில் பாத்திர வேலை. இருபத்திரண்டு வயது மகன் புழல் சிறையில் குண்டர் சட்டத்தில் இருக்கிறான். அடிதடி வழக்கு ஒன்று, அதற்கு முன் ஒரு வழக்கு. சுவரில் அவன் கேரம் போட்டியில் வாங்கிய இரண்டு கோப்பைகள். இந்தப் பகுதியில் தெருவுக்கு ஒரு கேரம் கிளப் உண்டு.

"எட்டாவது வரைக்கும் தமிழ் மீடியம் படிச்சான் வக்கீலம்மா. அப்புறம் லோடு ஏத்துற வேலை. அட்ரஸ் வியாசர்பாடின்னு சொன்னா வேற வேலைக்கு எவன் எடுக்குறான்?" என்றபடி பரணிலிருந்து ஒரு துணிப்பையை இறக்கினார். உள்ளே புக்லெட்.

இந்தச் சட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. தமிழ்நாடு 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம். பெயர் நீளமானது, எல்லாரும் குண்டாஸ் என்றே சொல்கிறோம். ஓர் ஆள் குற்றம் செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பொது ஒழுங்கைக் கெடுப்பார் என்று அதிகாரி கருதினால் போதும், 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். நகரத்தில் கமிஷனர், மாவட்டத்தில் கலெக்டர் கையெழுத்துப் போடுவார்கள். 12 நாளுக்குள் அரசு அதை ஒப்புக்கொள்ள வேண்டும், காவலுக்குப் போதுமான காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்கு மூன்று வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். அந்தக் கழகத்தின் முன் வக்கீல் ஆஜராக உரிமை இல்லை. அப்படிப் பிடித்து வைக்கப்பட்டவனுக்கு அரசமைப்பின் 22(5) பிரிவு ஒரே ஒரு பிடிமானத்தைக் கொடுக்கிறது: ஏன் பிடித்தோம் என்று அவனுக்குச் சொல்லவேண்டும், அதற்கு அவன் பதில் எழுத வாய்ப்புத் தரவேண்டும். அப்படிச் சொல்வதற்காகக் கொடுக்கும் காகிதக் கட்டுதான் புக்லெட். முதல் தகவல் அறிக்கை, கைது அட்டை, ரிமாண்ட் உத்தரவு, சாட்சி வாக்குமூலம் என்று எல்லாம் கோத்து, பக்க எண் போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் சீல் வைத்து வரும்.

அக்காவின் புக்லெட்டில் 118 பக்கம். தரையில் பாய் போட்டு உட்கார்ந்து நானும் தோழியும் ஒவ்வொரு தாளாகப் புரட்டினோம். அவள் விரலில் எச்சில் தொட்டுப் புரட்டும் விதம் கல்லூரியில் பார்த்ததுதான். கைது செய்த தேதி, ரிமாண்ட் தேதி, கையெழுத்து, சீல். இவ்வளவு முறை படித்த பிறகும் மறுபடி முதலிலிருந்து. 63ஆம் பக்கத்தில் நிறுத்தினாள். வேறு யாரோ ஒருவருக்கு, வேறு ஏதோ வழக்கில் கிடைத்த பெயில் உத்தரவின் நகல். "இதே மாதிரி வழக்கில் இன்னொருவருக்கு பெயில் கிடைத்திருக்கிறது, ஆகவே இவனும் வெளியே வந்துவிடுவான், ஆகவே தடுப்புக் காவல் அவசியம்" என்று சொல்வதற்கு வைத்திருக்கிறார்கள். 2011இல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த இடத்தைத்தான் பிடித்தது. காலாவதி மருந்து வழக்கில் சிக்கிய தன் கணவருக்காக மனைவி போட்ட மனு அது. பெயில் கிடைக்கும் என்று வாய் வார்த்தையாகச் சொன்னால் போதாது, அப்படிக் கிடைத்த வழக்கின் விவரம் வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு எல்லா புக்லெட்டிலும் இப்படி ஒரு தாள் சேர்ந்துவிடுகிறது.

ஆனால் இந்தத் தாள் முழுக்க ஆங்கிலம். தமிழ் மொழிபெயர்ப்பு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கீழ்ப்பாதி ஜெராக்ஸ் மையில் கறுத்துப்போய், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் குற்ற எண் படிக்க முடியவில்லை. எட்டாவது வரை தமிழில் படித்த ஒரு பையன் இதை வைத்துக்கொண்டு சிறைக்குள் உட்கார்ந்து என்ன பதில் எழுதுவான்? தனக்குப் புரியும் மொழியில் சொல்லாதது சொன்னதாகவே ஆகாது என்று ஹரிகிஷன் வழக்கில் 1962லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அதே தவறு, அதே கறுப்பு மை.

"இதையும் 'ஜட்ஜு முன்னாடி காட்டுறேன்'னு மேடம் சொல்லியிருக்காங்க" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "போன வாட்டி நம்ம கேஸை நல்லா கேட்ட ஜட்ஜய்யா மாறிட்டாரு. இப்ப இருக்குறவங்களையும் யாராவது மாத்திடுவாங்களா வக்கீலம்மா?"

பெஞ்சுகள் அவ்வப்போது மாறும், எந்த வழக்கு எந்த பெஞ்சுக்கு என்று தலைமை நீதிபதி ரோஸ்டர் போடுவார், அது வழக்கம்தான், பயப்பட வேண்டாம் என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பதினோரு மணிக்குப் புழலுக்கு பஸ். 2006இல் சென்ட்ரல் பக்கத்திலிருந்த மத்தியச் சிறை இங்கே வந்தது. வாசலில் மனு போட்டுவிட்டுக் காத்திருக்கும் பெண்களின் வரிசை. கைதியைப் பார்ப்பதற்கு இங்கே 'மனு' என்றே பெயர். பிஸ்கட், பழம், துவைத்து மடித்த லுங்கி. வரிசையில் பாதிக்கு மேல் வடசென்னை முகங்கள். தோழி வழக்கமாக அங்கே கொஞ்ச நேரம் நின்று, வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களிடம் பேசுவாள். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் கிடைக்கவேண்டும் என்பது 1987ஆம் வருடச் சட்டம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அப்படியே. சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். அந்த வரிசையில் அவள் பேசிய ஏழு பேரில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. படிக்கிற நீங்கள் யாரிடமாவது சொல்லுங்கள்.

திரும்பும்போது பெரம்பூர் வழியாக வந்தோம். பின்னி மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள். 1918 ஏப்ரலில் இந்த மில் தொழிலாளிகளுக்காகத்தான் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. கம்பெனி கோர்ட்டுக்குப் போய், தொழிற்சங்கத் தலைவர் வாடியாவுக்கு எதிராகத் தடை உத்தரவே வாங்கியது. தொழிலாளியை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டுவது ஒப்பந்தத்தை மீறச் செய்வது என்று. சங்கம் வைப்பதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது அப்போதுதான் நாட்டுக்கு உறைத்தது. 1926ஆம் வருடத் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு அந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம்.

நான்காம் நாள், புதன்: ஜூனியர்கள்

பகலில் சென்ட்ரல் பக்கம் போய்ப் பழைய சிறை இருந்த இடத்தைப் பார்த்தேன். மதில் கூட மிச்சமில்லை. மருத்துவக் கல்லூரிக் கட்டடங்கள் வந்துவிட்டன. 1976 பிப்ரவரியில், அவசரநிலையின்போது, மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் பிடித்தவர்களை அடித்தது அங்கேதான். முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்தக் காயங்களிலிருந்து மீளாமலே இறந்தார். அவசரநிலை முடிந்த பிறகு நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்ததால்தான் அந்தக் கொட்டடிகளில் நடந்தது எழுத்தில் நிற்கிறது.

சாயங்காலம் சேம்பரில் பன்னிரண்டு ஜூனியர்கள். ஐந்து பேர் பெண்கள். புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று எல்லாரும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். பலர் தங்கள் குடும்பத்தில் முதல் வக்கீல். அக்காவின் கேள்வியை அவர்களிடமே வைத்தேன்: ஜட்ஜை யார் மாற்ற முடியும்?

அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு 1973 ஏப்ரல் 24 அன்று வந்தது. அரசுக்கு எதிராக எழுதிய மூன்று மூத்த நீதிபதிகளான ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகியோரைத் தாண்டி, நான்காவதாக இருந்தவர் உடனே தலைமை நீதிபதியானார். மூன்று பேரும் ராஜினாமா செய்தார்கள். 1976இல் 16 உயர்நீதிமன்ற நீதிபதிகள் ஊர் மாற்றப்பட்டார்கள். அதே வருடம் ஏப்ரல் 28 அன்று, அவசரநிலையில் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் நான்கு பேர் சொன்னார்கள், எச்.ஆர். கன்னா மட்டும் மாட்டேன் என்றார். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவருக்கு வரவில்லை. 2017 ஆகஸ்டில்தான், அந்தரங்க உரிமை வழக்கில், கன்னா எழுதியதே சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நாற்பத்தொரு வருடம்.

நம் ஐகோர்ட்டிலும் 2019இல் தலைமை நீதிபதி தஹில்ரமானி மேகாலயாவுக்கு மாற்றப்பட்டபோது ராஜினாமா செய்தார். 2021 நவம்பரில் தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி, வந்து பத்தே மாதத்தில், அதே மேகாலயாவுக்கு மாற்றப்பட்டார். 75 நீதிபதி இடம் உள்ள கோர்ட்டிலிருந்து மிகச் சிறிய கோர்ட்டுக்கு. காரணம் என்ன என்று கேட்டு 237 வக்கீல்கள், நீதிபதிகளின் நியமனத்தையும் மாற்றத்தையும் பரிந்துரைக்கும் உச்ச நீதிமன்ற மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியத்துக்குக் கடிதம் எழுதினார்கள். கடிதம் மாற்றத்தைத் தடுக்கவில்லை. ஆனால் காரணம் சொல்லாமல் ஒரு நீதிபதியை நகர்த்தினால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்பது பதிவானது. நான் கோவில்பட்டியில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படித்தபோது, அந்தக் கடிதத்தை வடசென்னைத் தாய்மார்களோடு சேர்த்து நினைக்கவில்லை. நேற்றைக்கு அந்த அக்கா கேட்ட பிறகுதான் இரண்டும் ஒரே விஷயம் என்று பிடிபட்டது. பெரிய அதிகாரி கையெழுத்திட்ட உத்தரவை, 63ஆம் பக்கம் படிக்கவே முடியவில்லை என்று சொல்லி ரத்து செய்கிற இரண்டு நீதிபதிகளுக்கு, நாளைக்குத் தங்கள் நாற்காலி என்னாகும் என்ற எண்ணமே வரக்கூடாது.

ஒரு பெண் கேட்டாள்: "மேம், எங்களை எல்லாரும் ரவுடி வக்கீல்னு சொல்றாங்க. குண்டாஸ் கேஸ் எடுத்தாலே அப்படித்தான். என்ன பண்றது?"

1990இல் ஹவானாவில் ஐக்கிய நாடுகள் மாநாடு வக்கீல்களுக்கான அடிப்படை நெறிகளை ஏற்றுக்கொண்டது. அதில் 18ஆவது நெறியைச் சொன்னேன்: வக்கீலை அவருடைய கட்சிக்காரரோடோ, கட்சிக்காரரின் நோக்கத்தோடோ ஒன்றாக்கிப் பார்க்கக் கூடாது. நீதிபதிகள், வக்கீல்களின் சுதந்திரத்தைக் காப்பதற்காக ஐ.நா. ஒரு சிறப்பு அறிக்கையாளர் பதவியை 1994இல் உண்டாக்கியபோது, அதில் முதலில் அமர்ந்தவர் ஒரு மலேசியத் தமிழர், பரம் குமாரசாமி. யாருமே கேள்விப்பட்டிருக்கவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. தூக்குக் கைதி ஒருவருக்கு மன்னிப்பு கேட்டு அறிக்கை விட்டதற்காகத் தன் நாட்டில் தேச நிந்தனை வழக்கைச் சந்தித்து விடுதலையான வக்கீல் அவர். அறிக்கையாளரான பிறகு, மலேசிய நீதிமன்றங்களைப் பற்றி ஒரு பேட்டியில் பேசியதற்காக கம்பெனிகள் அவர்மேல் மானநஷ்ட வழக்குப் போட்டன. அது ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் வரை போனது. 1999 ஏப்ரலில், அவருக்கு விலக்குரிமை உண்டு என்று அந்த நீதிமன்றம் கருத்துச் சொன்னது.

டர்பனில் ஒரு பஸ் டிரைவரின் மகளாகப் பிறந்த நவி பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். ஊர்க்காரர்கள் காசு சேர்த்துப் படிக்க வைத்த தமிழ்ப் பெண். வெள்ளையர் அலுவலகங்களில் இடம் கிடைக்காமல் 1967இல் தானே சொந்தமாக அலுவலகம் திறந்தார். பின்னாளில் ருவாண்டா தீர்ப்பாயத்தின் நீதிபதியாக, பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் கருவியாகலாம் என்று 1998இல் தீர்ப்பளித்த அமர்வில் இருந்தார். ஊர்க்காரர்கள் காசு சேர்த்தது என்ற இடத்தில் கொருக்குப்பேட்டைப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கல்லூரிக் கட்டணமும் அப்படித்தான் வந்ததாம்.

ஐந்தாம் நாள், வியாழன்: கோர்ட் ஹால்

லிஸ்ட்டில் 27ஆவது. பதினொன்றரைக்கு வந்தது. தோழி மூன்று நிமிடம்கூடப் பேசவில்லை. புக்லெட்டைத் திறந்து நீட்டினாள். மூத்த நீதிபதி 63ஆம் பக்கத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறை பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் நகர்த்தினார், அரசுத் தரப்பைப் பார்த்து "இதன் தமிழ் நகல் கொடுத்ததற்கு ஒப்புதல் இருக்கிறதா?" என்றார். இல்லை. உத்தரவை அங்கேயே சொல்லத் தொடங்கினார். தடுப்புக் காவல் உத்தரவு ரத்து. வேறு வழக்கில் தேவைப்படாவிட்டால் உடனே விடுதலை.

பின்வரிசையில் அக்காவுக்கு ஆங்கிலம் புரியவில்லை. ஜூனியர் பையன் திரும்பி, "உடைஞ்சிடுச்சும்மா" என்றான்.

1862இல் தொடங்கிய இந்த ஐகோர்ட்டில் இன்னும் தமிழில் தீர்ப்பு சொல்ல வழியில்லை. 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டு அனுப்பியும் கிடைக்கவில்லை. ராஜஸ்தானிலும் பீகாரிலும் இந்திக்கு அனுமதி உண்டு. தன் மகனின் விடுதலையைத் தாய் இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருப்பது எனக்கு நெஞ்சில் முள்ளாகவே இருக்கிறது.

வெளியே வரும்போது தோழி ஒரு தூணருகே நின்றாள். 2009 பிப்ரவரி 19 அன்று இந்த வளாகத்துக்குள் போலீஸ் தடியடி நடத்தியபோது அவள் இங்கே இருந்தாள். வக்கீல்களோடு ஒரு நீதிபதிக்கும் காயம் பட்ட நாள் அது. அதைப் பற்றி அவள் அதிகம் பேச மாட்டாள். "அன்னைக்கும் மறுநாள் லிஸ்ட்ல எச்.சி.பி. இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். ஆட்கொணர்வு மனுவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

ஆறாம் நாள், வெள்ளி

குண்டாஸ் உடைந்தாலும் அடிதடி வழக்கில் ஜாமீன் எழுத வேண்டும். பெயில் முன்பே கிடைத்திருந்தது. இரண்டு ஜாமீன்தாரர்தான் பாக்கி. தெருவில் இஸ்திரி போடும் அண்ணன் ஒருவர், கேரம் கிளப் மாஸ்டர் இன்னொருவர். மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் இஸ்திரி அண்ணனின் ரேஷன் கார்டில் ஒரு எழுத்தும் ஆதாரில் வேறு எழுத்தும் இருந்ததால் திருப்பிவிட்டார்கள். நாளை இரண்டாம் சனி, விட்டால் திங்கள்தான். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டோ பிடித்துப் போய், தான் பாத்திரம் தேய்க்கும் வீட்டுக்கார அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாலே முக்காலுக்குக் கையெழுத்து ஆனது. அக்கா அப்படியே புழலுக்கு பஸ் ஏறினார், நான் எழும்பூருக்கு.

ரயில் தாம்பரம் தாண்டியதும் போன். பின்னால் லாரிச் சத்தம். "வந்துட்டான் வக்கீலம்மா, பேசுங்க" என்று அவனிடம் கொடுத்தார். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

"தேங்க்ஸ் மேடம்." மறுபடி இடைவெளி. "மேடம், அந்த 63ஆம் பக்கத்துல இன்னாதான் எழுதியிருந்துச்சு?"

செங்கல்பட்டு வரும் வரை அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.